பெர்னார்ட் ஷாவை வளர்த்தது விடாமுயற்சியா, வீட்டில் எரிந்த அடுப்பா?

கரும்பலகை (பாலக்கோடு):

எங்கள் பள்ளி இலக்கிய மன்றத்தில் பிளஸ் டூ பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அரசுப் பள்ளி. குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தொட்டவர்கள் நிறைய. பரீட்சை முடிந்த கையோடு ஓசூர், திருப்பூர், பெங்களூர் என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களிடம் நாடக ஆசிரியர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷாவைப் பற்றிப் பேசப்போகிறேன். பேச நினைப்பது இதுதான். குறை தெரிந்தால் சொல்லுங்கள்.

ஷா 1856இல் டப்ளினில் பிறந்தவர். அப்பா செய்த தானிய வியாபாரம் தேறவில்லை, குடிப்பழக்கம் வேறு. பள்ளிக்கூடம் மாற்றி மாற்றிச் சேர்த்தும் பையனுக்குப் படிப்பு ஒட்டவில்லை. 15 வயதில், அடுத்தவர் நிலத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளும் ஒரு நில ஏஜென்சி அலுவலகத்தில் கடைநிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வருஷத்துக்கு 18 பவுன் சம்பளம் (பவுன் என்றால் இங்கே இங்கிலாந்துப் பணம்). கொஞ்ச காலத்தில் காசாளர் இடம் காலியாக, அந்த நாற்காலியில் இவரை உட்காரவைத்தார்கள். வேலையில் கெட்டிக்காரர்தான், ஆனால் மனசு அதில் இல்லை. 1876இல், 20 வயது நிரம்பும் முன்பே, வேலையை உதறிவிட்டு லண்டன் போனார்.

அங்கே 1879 முதல் 1883 வரை ஐந்து நாவல் எழுதினார். ஐந்தையும் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். முதலில் எழுதிய நாவல் புத்தகமாக வந்தது 1930இல். அப்போது அவர் எழுபதைத் தாண்டிய உலகப் புகழ் பெற்ற மனிதர். லண்டன் வந்த முதல் ஒன்பது வருஷத்தில் எழுத்தால் சம்பாதித்தது சுமார் ஆறு பவுன் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். சட்டைக் கைவிளிம்பில் நூல் பிரிந்தால் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு அதையே போட்டுக்கொண்டு வெளியே போவார்.

அந்தக் காலத்திலும் தினம் ஐந்து பக்கம் எழுதுவதை விடவில்லை. ஐந்தாம் பக்கம் பாதி வாக்கியத்தில் முடிந்தால் பேனாவை அங்கேயே வைத்துவிடுவார், மிச்சம் நாளைக்கு. ஒரு நாள் தவறினால் மறுநாள் பத்து பக்கம். தனக்குள் பள்ளிப் பையனும் குமாஸ்தாவும் இன்னும் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறார். நான் பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பது இந்த இடத்தைத்தான். வெறுத்த வேலை பழக்கிக்கொடுத்த ஒழுங்கைப் பிடித்த வேலைக்குத் திருப்பிவிட்ட மனிதர் அவர்.

முதல் நாடகம் மேடை ஏறியது 1892இல், 36 வயதில். இரண்டே காட்சிகள். அடுத்த வருஷம் எழுதிய ஒரு நாடகத்துக்கு அரசுத் தணிக்கை தடை போட்டது. லண்டன் பொது மேடையில் அது ஏற 1925 ஆயிற்று. அதே 1925ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குத்தான். ‘பிக்மாலியன்’ படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கரும் பின்னால் வந்தது. 94 வயது வரை எழுதினார்.

விடாமல் முயன்றால் குமாஸ்தா மேசையிலிருந்து நோபல் மேடை வரை போகலாம் என்று சொல்லி முடிக்கலாம் என்றிருக்கிறேன்.


ராத்திரி ஷிப்ட் (ஓசூர்):

சார், வணக்கம். ஷாவை நானும் தேடித் தேடிப் படித்தவன். நீங்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது வருஷமும் அவர் எங்கே சாப்பிட்டார், எங்கே தூங்கினார் என்று ஒரு வரி கூட இல்லையே.

அவர் லண்டன் போனது அம்மா வீட்டுக்கு. அம்மா 1873லேயே மகள்களோடு லண்டன் போய், பாட்டு சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். அப்பா டப்ளினிலிருந்து வாரம் ஒரு பவுன் அனுப்பினார். அந்த வீட்டில் மேசை இருந்தது, விளக்கு இருந்தது, ராத்திரிச் சோறு இருந்தது. 1879இல் எடிசன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார். வீட்டுக்காரர்களிடம் பேசி, கூரைமேல் கம்பம் நடவும் ஒயர் கொண்டுபோகவும் அனுமதி வாங்குகிற வேலை. 1880இல் அந்தக் கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்தபோது வேலையை விட்டார். அப்புறம் ஆபீஸ் வேலை பக்கமே போகவில்லை. வாழ்க்கைப் போராட்டத்தில் தான் குதிக்கவில்லை, தன் அம்மாவைத் தள்ளிவிட்டேன் என்ற பொருளில் ஷாவே எழுதியிருக்கிறார். அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஆபரேட்டர். ஊத்தங்கரைப் பக்கம் சொந்த ஊர். ராத்திரி ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்து எழுத உட்காருவேன். கூட இருக்கிற பசங்களில் ஒருவன் அப்போதுதான் எழுந்து கிளம்புவான், ஒருவன் தூங்கப் பாய் விரிப்பான். லைட்டைப் போட முடியாது. மாதம் பிறந்தால் தங்கச்சி கல்லூரிக்குப் பணம் அனுப்ப வேண்டும், அதற்கு ஓவர்டைம் பார்த்தாக வேண்டும். இரண்டு நாடகம் எழுதி முடித்திருக்கிறேன். இன்னும் எத்தனையோ எழுதாமல் கிடக்கிறது. எனக்கு விடாமுயற்சி இல்லை என்று என்னைப் பார்த்தவர் யாரும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் பிள்ளைகள் நாளைக்கு எங்கள் ரூமுக்குத்தான் வரப்போகிறார்கள். பத்து வருஷம் கழித்தும் எழுத முடியாதபோது, சார் அன்றைக்குச் சொன்னாரே, நாம்தான் முயலவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் நினைக்கக் கூடாது. அந்தப் பழியை நானே நெடுநாள் சுமந்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.


கரும்பலகை (பாலக்கோடு):

தம்பி, மனசிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அம்மா சோறு போட்டதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து லண்டனில் அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாலிபர்கள் எத்தனை ஆயிரம் பேர்? அவர்களில் எத்தனை பேர் தினம் ஐந்து பக்கம் எழுதினார்கள்? மூன்றாவது நாவல் திரும்பி வந்தபிறகு நாலாவதை ஆரம்பிக்க எது வேண்டும்? சோறு மட்டும் போதும் என்றால் நம் ஊரில் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் எழுத்தாளர் ஆகியிருப்பார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். ஷாவுக்குச் சபை நடுவே பேச வராது. 1879 வாக்கில் ஒரு விவாதக் கழகத்தில் எழுந்து நின்றபோது உடம்பெல்லாம் நடுங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. இனி எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒருமுறையாவது எழுந்து பேசியே தீருவது என்று வைத்துக்கொண்டார். 1884இல் சோஷலிஸ்டுகளின் ஃபேபியன் சங்கத்தில் சேர்ந்தார். தெருமுனை, பூங்கா, தொழிலாளர் கூட்டம் என்று வருஷக்கணக்கில் காசு வாங்காமல் பேசினார். அவருடைய நாடகங்களில் பாத்திரங்கள் மாறி மாறி வாதாடுவார்கள், இரண்டு பக்கமும் வலுவாக இருக்கும். அந்தக் கை எங்கே பழகியது என்று நினைக்கிறீர்கள்? அந்தத் தெருமுனைகளில்தான். அதற்கு அம்மாவின் காசு தேவைப்படவில்லை. கூச்சத்தை மிதித்துக்கொண்டு எழுந்து நிற்கிற மனசு தேவைப்பட்டது.

என் வகுப்பில் நன்றாக எழுதுகிற ஒரு பெண் இருக்கிறாள். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்காது. அவளுக்காகத்தான் ஷாவை எடுத்தேன். அவளிடம் போய், உன் வீட்டு நிலைமை சரியில்லை, அதனால் கஷ்டம் என்றா சொல்வேன்? அது அவளுக்கே தெரியும், தம்பி.


புளியந்தோப்பு (பென்னாகரம்):

இரண்டு பேரும் ஷாவைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு நிமிஷம் அவர் அம்மாவைப் பாருங்கள்.

லூசிண்டா எலிசபெத் ஷா. 1830இல் பிறந்தவர். குடிகாரப் புருஷனை டப்ளினில் விட்டுவிட்டு லண்டன் கிளம்பியபோது நாற்பது வயதைத் தாண்டியவர். அந்தக் காலத்தில், அந்த வயதில், தெரியாத பட்டணத்தில், தெரிந்த ஒரே தொழிலான பாட்டை வைத்துப் பிழைத்தார். வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், பின்னால் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு ஆசிரியை ஆனார். இரண்டு மகள்களில் ஆக்னஸ் காசநோயில் இறந்தாள், ஷா லண்டன் கிளம்பிய அதே 1876 மார்ச்சில். இன்னொரு மகள் லூசி மேடையில் பாடிச் சம்பாதித்தாள். வேலைக்குப் போகாமல் எழுதிக்கொண்டிருந்தது மகன் ஒருவர்தான்.

சார் சொல்கிற ஒழுங்கு, விடாமுயற்சி இரண்டும் அந்த வீட்டில் யாரிடம் கூடுதலாக இருந்தது என்று நீங்களே யோசியுங்கள்.

என் அம்மா புளி தட்டுவார். கோடைக்குப் பென்னாகரம், தர்மபுரிப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். வீட்டு வாசலில் கூட்டமாக உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக் கொடுக்கிற வேலை. கூலி கிலோ கணக்கு. சாயங்காலம் விரல் நுனி கறுத்து, தோல் வெடித்திருக்கும். அந்தக் கையால் சோறு பிசைந்தால் உப்புப் பட்டு எரியும் என்பார். அந்தக் கூலியில் அண்ணனைப் படிக்கவைத்தார்கள். என்னைப் பத்தாவதோடு நிறுத்தி அம்மாவோடு உட்காரவைத்தார்கள். அண்ணன் இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர் என்று ஊரில் அவருக்குப் பேர். கஷ்டப்பட்டார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையில் அம்மா கை வரவே வராது, நானும் வர மாட்டேன்.

சார், உங்கள் வகுப்பில் பாதி பெண் பிள்ளைகள்தானே? ஷா கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், தம்பி படிக்கட்டும் நான் வேலைக்குப் போகிறேன் என்று அவர்களில் ஒருத்தி சொன்னால்? அதற்கும் விடாமுயற்சி என்று கைதட்டுவார்கள்.


கட்டியங்காரன் பேரன் (காரிமங்கலம்):

எங்கள் தாத்தா கூத்து வாத்தியார். திரௌபதை அம்மன் கோயில் பாரதத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் கட்டியங்காரன் வேஷம் கட்டியவர். அதனால் நாடகம் என்றால் எனக்குச் சும்மா இருக்க முடியாது.

நான் சாரின் பக்கம்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. ஷாவின் குமாஸ்தா வேலையைத் தாண்டிவர வேண்டிய ஒன்றாகவே எல்லோரும் பேசுகிறீர்கள். அதில்தான் அவருக்குச் சரக்கே கிடைத்தது. அந்த நில ஏஜென்சியில் அவர் செய்த வேலைகளில் ஏழைக் குடியிருப்புகளில் வாடகை வசூலிப்பதும் ஒன்று. சின்னப் பையன், கையில் கணக்கு நோட்டு, வாசல் வாசலாக நின்று சில்லறை வாங்க வேண்டும். யாரிடமிருந்து யாருக்குக் காசு போகிறது என்பதை அந்த வாசல்களில் நின்று பார்த்தார்.

இருபது வருஷம் கழித்து வந்த முதல் நாடகம் ‘விடோயர்ஸ் ஹவுசஸ்’ எதைப் பற்றியது தெரியுமா? ஒரு டாக்டர் வாலிபன், பணக்கார வீட்டுப் பெண்ணைக் கட்டப் போகிறான். மாமனார் சொத்து முழுக்கச் சேரி வாடகையில் வந்தது என்று தெரிந்ததும், அந்தக் காசு வேண்டாம் என்கிறான். மாமனார் அமைதியாக ஒன்றைக் காட்டுகிறார்: நீ உட்கார்ந்து சாப்பிடுகிற வட்டிப் பணமும் அதே நிலத்தின் மேல் கொடுத்த கடனிலிருந்துதான் வருகிறது. அதில் லிக்சீஸ் என்று ஒரு வாடகை வசூல்காரன் வருகிறான். உடைந்த படிக்கட்டைக் கொஞ்சம் காசு செலவழித்துச் சரிசெய்துவிட்டான் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்படுகிறவன். அந்தப் பாத்திரத்தை மாளிகையில் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது, ஐயா. வசூல் நோட்டைப் பிடித்த கைதான் எழுத முடியும்.

நம் சங்கரதாஸ் சுவாமிகளும் இதே வழிதான். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர். இருபத்துநாலு வயது வாக்கில் அதை விட்டு நாடகத்துக்கு வந்தார். எமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேஷங்கள் போட்டார். அப்புறம் ஆசிரியரானார், நாற்பதுக்கும் மேல் நாடகங்கள் எழுதினார். 1918இல் அவர் ஆரம்பித்த பாலர் சபையில்தான் அவ்வை சண்முகம் சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். 1921இல் பக்கவாதம் வந்தது, 1922இல் புதுச்சேரியில் காலமானார்.

சுவாமிகளுக்கு வாரம் ஒரு பவுன் யாரும் அனுப்பவில்லை. நாடகக் கம்பெனியே அவருக்கு வீடு, கம்பெனிச் சோறே சோறு. அதனால் ஓசூர்த் தம்பி சொல்வது முழுதாக ஒத்துவரவில்லை. மேசையும் விளக்கும் இல்லாமலும் நாடகம் பிறந்திருக்கிறது.

ஒன்று மட்டும் வருத்தத்தோடு சொல்கிறேன். எங்கள் தாத்தாவுக்கு விராட பருவம் முழுக்க மனப்பாடம். பகலில் தக்காளி மண்டியில் மூட்டை தூக்குவார். ராத்திரி பத்து மணிக்கு அரிதாரம் பூச உட்கார்ந்தால் விடியும்வரை ஆட்டம். முகவீணை ஒலித்தால் தூக்கத்திலும் கால் அசையும். அவரே கட்டிய பாட்டும் வசனமும் எவ்வளவோ. எதையும் எழுதிவைக்கவில்லை. அவரோடு போய்விட்டது.


ராத்திரி ஷிப்ட் (ஓசூர்):

பேரன் அண்ணா, நீங்கள் எனக்கு எதிராக ஆரம்பித்து என் பக்கத்தில் வந்து முடித்திருக்கிறீர்கள். உங்கள் தாத்தாவிடம் இல்லாத எந்த விடாமுயற்சி ஷாவிடம் இருந்தது? நாற்பது வருஷம், விடிய விடிய. எழுதிவைக்கத்தான் பகல் இல்லை, மூட்டை இருந்தது.

சுவாமிகளுக்கும் கம்பெனி சோறு போட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். அம்மா போட்டாலும் கம்பெனி போட்டாலும் நான் சொல்வது அதைத்தான். நாடகமே எழுது, சோற்றை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஒரு இடம் இருந்தது.


பாப்பாரப்பட்டி வாசகன்:

எங்கள் ஊரில் நின்றுகொண்டு இந்த வாதத்தைப் படிக்கிறேன். ஷாவின் நோபல் பரிசு 1925ஆம் ஆண்டுக்கானது என்று சார் எழுதியிருக்கிறார். அதே 1925 ஜூலை 23இல் எங்கள் ஊர் பாரத மாதா ஆசிரமத்தில் சுப்பிரமணிய சிவா கண்மூடினார்.

சிறையில் பிடித்த தொழுநோய். ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டான். நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். பேசினார், பத்திரிகை நடத்தினார், எழுதினார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று நினைத்து, 1923இல் சித்தரஞ்சன் தாஸை அழைத்து வந்து அடிக்கல் நாட்டவைத்தார். அவருக்கு எந்த அம்மா சோறு போட்டார், எந்த அப்பா பவுன் அனுப்பினார்? உடம்பே கூட வரவில்லை. மனசு ஒன்றுதான் கூட வந்தது.

அதனால் வசதி இருந்தால்தான் விடாமுயற்சி நிற்கும் என்பதை இந்த ஊர்க்காரனாக நான் ஏற்க மாட்டேன். சார், ஷாவோடு சிவாவையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் பஸ்ஸில் ஏறினால் பார்த்துவிட்டு வரக்கூடிய இடம்.


ராத்திரி ஷிப்ட் (ஓசூர்):

ஐயா, சிவா பெயரைக் கேட்டால் நானும் கையெடுத்துக் கும்பிடுகிறவன்தான். ஆனால் சிவா இறந்தபோது வயது 40 என்பதையும் சொல்லுங்கள். 1884இல் பிறந்தவர்.

ஷா 40 வயதில் போயிருந்தால்? அது 1896. ‘ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்’ வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். 1897இல் நியூயார்க்கில் ‘தி டெவில்ஸ் டிசைப்பிள்’ ஓடித்தான் அவர் நாடகத்தால் கையில் நல்ல பணம் பார்த்தார். 1898இல் சொத்துள்ள பெண்ணைக் கல்யாணம் செய்தார், பத்திரிகை வேலையை விட்டார். லண்டனில் நிஜமாகப் பெரிய நாடக ஆசிரியராக நின்றது 1904 முதல் 1907 வரை கோர்ட் தியேட்டரில். அந்த மூன்று வருஷத்தில் அங்கே நடந்த 988 காட்சிகளில் 701 இவருடைய நாடகங்கள். ‘பிக்மாலியன்’ 1913. எல்லாமே நாற்பதுக்கு மேல்.

சிவாவின் மனசு ஷாவின் மனசுக்கு ஒரு குன்றிமணி கூடக் குறைவில்லை. காலம் கிடைக்கவில்லை. காலத்தை வாங்கித் தருவது நல்ல சாப்பாடும் வைத்தியமும் கவலையில்லாத தூக்கமும். இதைச் சொன்னால் அவருடைய தியாகம் குறைந்துவிடாது, இன்னும் கூடும்.


மாங்கனி (கிருஷ்ணகிரி):

போட்டித்தேர்வுக்குப் படிக்கிறேன். நூலகத்தில்தான் என் பகல் போகிறது. ஷா கதையில் நூலகத்தை யாரும் எடுக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷாவுக்குக் கல்லூரி கிடையாது. பிரிட்டிஷ் மியூசியம் வாசிப்பறைதான் அவர் கல்லூரி. பைசா கொடுக்காமல் உட்காரலாம், கேட்ட புத்தகம் மேசைக்கு வரும், குளிர்காலத்தில் கதகதப்பாகவும் இருக்கும். வருஷக்கணக்கில் தினம் போனார். வில்லியம் ஆர்ச்சர் என்ற விமர்சகர் அங்கே ஒரு வாலிபனைக் கவனித்தார். அவன் முன்னால் இரண்டு புத்தகம்: ஒன்று பிரெஞ்சு மொழியில் மார்க்ஸின் ‘மூலதனம்’, இன்னொன்று ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைக்குறிப்பு. மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தான். பழக்கமாயிற்று. 1885 முதல் ஷாவுக்குப் பத்திரிகைகளில் விமர்சனம் எழுதும் வேலை கிடைத்தது ஆர்ச்சரால்தான். பேரன் அண்ணா சொன்ன ‘விடோயர்ஸ் ஹவுசஸ்’ கூட இருவரும் சேர்ந்து எழுத ஆரம்பித்தது. ஆர்ச்சர் கதை கொடுத்தார், ஷா வசனம். நடுவில் நின்றுபோய், ஏழெட்டு வருஷம் கிடந்து, 1892இல் ஷா தனியாக முடித்தார்.

அவர் உயிலைப் பாருங்கள். 1950இல் இறந்தபிறகு நாடக உரிமைப் பணத்தை மூன்று இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்: பிரிட்டிஷ் மியூசியம், லண்டனில் உள்ள ராயல் நாடகப் பள்ளி, டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஓவியக்கூடம். சின்ன வயதில் ஓவியக்கூடத்தில் சுற்றியதுதான் தனக்குக் கிடைத்த நிஜமான படிப்பு என்று நினைத்தார். ‘பிக்மாலியன்’ 1956இல் இசை நாடகமாக மாறி, அப்புறம் படமாகி, அந்த மூன்று இடங்களுக்கும் பெரும் பணம் போயிற்று. தன்னை யார் வளர்த்தது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, சார். காசை எழுதிவைத்தே சொன்னார்.

நம் பக்கம் கிளை நூலகங்களில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் நாற்காலி இருக்காது. பிள்ளைகள் சுவரோரம் தரையில் பாய் போட்டுப் படிக்கிறோம். எங்களில் யாருக்கும் முயற்சி குறைவில்லை. இன்னும் கொஞ்சம் இடமும் இரவு எட்டு மணிக்கு மேல் விளக்கும்தான் கேட்கிறோம்.


கரும்பலகை (பாலக்கோடு):

எல்லோருக்கும் நன்றி. பென்னாகரத்து அம்மா எழுதியதைப் படித்தபிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. லூசிண்டா அம்மா என் பேச்சில் நிச்சயம் வருவார், பெயரோடு. வாடகை வசூல் நோட்டு வரும், வாசிப்பறை வரும், உயில் வரும். சிவாவுக்குத் தனியாக ஒரு வகுப்பே எடுக்கிறேன்.

ஆனால் நடுவில் நிற்கப்போவது அந்த ஐந்து பக்கம்தான், அதை மாற்ற மாட்டேன். ஓசூர்த் தம்பி சொல்கிற மேசை, விளக்கு, நேரம் எதையும் நான் அந்தப் பிள்ளைகளுக்கு வாங்கித்தர முடியாது. என் கையில் இருப்பது அரை மணி நேரம். அவர்கள் கையில் இருப்பது ஒரு நோட்டும் பேனாவும். இருப்பதை வைத்து இன்றைக்கே எதைத் தொடங்கலாம் என்று சொல்வதுதான் வாத்தியார் வேலை. எதுவுமே மாறாமல் எதுவும் முடியாது என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், அது கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடும். இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன்.


ராத்திரி ஷிப்ட் (ஓசூர்):

நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை சார். அவர்கள் கையில் நோட்டும் பேனாவும் மட்டும்தான் இருக்கின்றன என்பதையே நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு மேலே படிக்கப் போகிற பெண்களுக்கு 2022இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பசங்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே ஆயிரம். கல்லூரியில் சேராமல் நேராக ஓசூர் பஸ் ஏறினால் அது கிடையாது. ஷாவுக்கு அப்பா அனுப்பிய ஒரு பவுன் எவ்வளவு பெரிய காரியம் என்று பார்த்தோமே. இதுவும் அப்படித்தான். எங்கள் ரூமில் இருக்கிற இரண்டு பசங்களுக்கு இதை யாரும் சொல்லவே இல்லை. விடாமுயற்சியைப் பற்றி நிறைய பேர் பேசினார்களாம், விண்ணப்பத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

உங்கள் அரை மணி நேரத்தில் பத்து நிமிஷம் இதற்குக் கொடுங்கள். அரசு விடுதியில் எப்படி இடம் கேட்பது, சாதிச் சான்று, வருமானச் சான்று எப்போது எடுத்து வைப்பது, நூலக உறுப்பினர் அட்டை எங்கே வாங்குவது, எல்லாம். இதையும் சொன்னால்தான் அந்த ஐந்து பக்கம் எழுத ஒரு சாயங்காலமாவது மிஞ்சும்.


புளியந்தோப்பு (பென்னாகரம்):

அந்த ஆயிரம் ரூபாய் என் காலத்தில் இருந்திருந்தால் அம்மா என்னை அனுப்பியிருப்பார். இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள் சார். வாய் திறக்காத அந்தப் பெண் பிள்ளையின் அம்மாவையும் ஒருநாள் பள்ளிக்கு வரவழைத்து அவரிடமும் சொல்லுங்கள். மேலே அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அவள் இல்லை.


கட்டியங்காரன் பேரன் (காரிமங்கலம்):

என் பங்குக்கு ஒன்று. எங்கள் கூத்து ஜமாவில் மிச்சமிருக்கிற பெரியவர்கள் மூன்று பேர் பாடுவதைப் போனில் பதிவு செய்து தருகிறேன். கேட்டு எழுத உங்கள் பிள்ளைகள் வருவார்களா? தினம் ஐந்து பக்கம் எழுத விஷயத்துக்கு எங்கே போவது என்று யாராவது கேட்டால் இங்கே அனுப்புங்கள்.


கரும்பலகை (பாலக்கோடு):

அனுப்புகிறேன், பதிவு வந்ததும் சொல்லுங்கள்.

ஓசூர்த் தம்பி, அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். என் அரை மணியில் பாதி உங்களுக்கு. ஷாவின் அம்மா, நூலகம், உதவித்தொகை எல்லாவற்றையும் நீங்களே பேசுங்கள். ஐந்து பக்கத்தை நான் பேசுகிறேன். பிள்ளைகள் முன்னாலேயே வாதாடுவோம்.


ராத்திரி ஷிப்ட் (ஓசூர்):

அந்த வாரம் எனக்கு ராத்திரி ஷிப்ட்தான் சார். வெள்ளி காலை ஏழு மணிக்கு விட்டுவிடுவார்கள். ராயக்கோட்டை வழியாக பஸ் பிடித்தால் பதினோரு மணிக்குள் பாலக்கோடு வந்துவிடலாம். விண்ணப்பப் படிவங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருகிறேன், எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னதில் எதையும் குறைத்துப் பேச மாட்டேன், அதையும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.